வீடு துப்புரவாக்கும் தொழில்: ஆளைக் காட்டிவிடுவதா, ஆளை வைத்திருப்பதா?

யாழ்ப்பாணத்தில் வீடு துப்புரவாக்கிக் கொடுக்கும் சேவை தொடங்குகிற பெண்கள் இப்போது கூடிவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிக் கிடக்கிற வீடுகள், நல்லூர்ப் பக்கம் வாடகைக்கு விடுகிற அறைகள், பிள்ளைகள் எல்லாரும் வெளியே போய்த் தனியாக இருக்கிற வயது போனவர்கள் என்று வேலைக்குக் குறைவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் எப்படித் தொடங்குவது, எவ்வளவு காசு வேண்டும், எந்த மெஷின் நல்லது என்று என்னிடம் கேட்டார்கள். நீங்கள் ஆளைக் காட்டிவிடும் ஏஜென்சியா, இல்லை ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கிற முதலாளியா என்ற கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நான் தொடங்கும்போது என்னிடமும் அதை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் தொழில் நடத்தியதில் எனக்குப் போனது எட்டரை லட்சம் ரூபாய். அதோடு நிம்மதியான நித்திரையும் போனது. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

தொடக்கம் சின்னது. கொக்குவிலில் சித்தியின் வீடு பூட்டிக் கிடந்தது, அவர்கள் கனடாவில். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறோம், வீட்டைத் திறந்து துப்புரவாக்கி வை என்றார்கள். அயலில் இருந்த இரண்டு அக்காமாரைக் கூட்டிக்கொண்டு போய் ஒட்டறை அடித்து, குசினி அலுமாரிகளைக் கழுவி, தண்ணீர்த் தாங்கியை இறைத்துக் கொடுத்தோம். வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் ஆட்களுக்குச் சொல்ல, கோண்டாவில், திருநெல்வேலி, மானிப்பாய் என்று வேலை வரத் தொடங்கியது. திருவிழா 25 நாள், அதற்கு முன்னால் ஒரு மாதமும் வீடு திறக்கிற ஆட்களின் போன்தான். ஒரு பருவத்திலேயே இரண்டு பேர் ஏழு பேர் ஆகிவிட்டார்கள்.

அப்போது லண்டனில் இருக்கிற மச்சாள் ஒருத்தி சொன்ன யோசனைதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம். அங்கே நிறையப் பேர் இதை ஏஜென்சியாக நடத்துகிறார்கள். வீட்டுக்காரர் துப்புரவு செய்கிறவருக்கு மணிக்கணக்குப் பார்த்து நேரே காசு கொடுப்பார், ஏஜென்சிக்கு ஆளைத் தேடிக் கொடுத்ததற்குத் தனியாக ஒரு கட்டணம். வேலை செய்கிறவர் சுயதொழில் செய்பவர் என்று கணக்கு. "நீ நடுவில நிண்டு ஆளைக் காட்டிவிடு, சம்பளப் பொறுப்பு உன்ர தலையில வராது" என்றாள். கேட்க நன்றாக இருந்தது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்து பி.ஆர். (வியாபாரப் பதிவுச் சான்றிதழ்) எடுத்தேன். இனி எல்லாம் சட்டப்படிதான் என்று நம்பினேன். வியாபாரப் பெயர் பதிவு என்பது பெயரைப் பதிவது மட்டும்தான், அதற்கும் வேலையாட்கள் சம்பந்தமான பொறுப்புக்கும் தொடர்பே இல்லை என்று அங்கே சொல்லவேண்டிய தேவை ஒருவருக்கும் இல்லை. இதை இப்போது தொடங்குகிறவர்கள் மனதில் போட்டு வையுங்கள்.

மச்சாள் சொன்னது ஒன்று, இங்கே நடந்தது இன்னொன்று. கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கிற ஒருவர் அரியாலை வீட்டைத் துடைக்க வருகிற அக்காவுக்கு எப்படிக் கையில் காசு கொடுப்பார்? என் கணக்குக்குத்தான் போடுவார். திறப்பையும் என்னிடம்தான் தருவார். ஏதாவது குறை என்றால் வைபரில் எனக்குத்தான் அடிப்பார். அவருக்கு வேண்டியது பொறுப்புச் சொல்ல ஒரு ஆள். ஆக, நான் வாங்கி, என் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அக்காமாருக்குக் கொடுத்தேன். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க வேலை செய்தால் வீட்டுக்காரரிடம் 7,500 ரூபாய். ஆளுக்கு 1,800 வீதம் 3,600 கொடுப்பேன். ஓட்டோ 800, துடைக்கிற மருந்து, துணி, தும்புத்தடி எல்லாம் சேர்த்து 600 மாதிரி. மிச்சம் 2,500 எனக்கு. நான் இதைக் கமிஷன் என்றுதான் எழுதி வைத்தேன். நல்ல வருமானம் என்று வீட்டிலும் சந்தோஷம்.

முதல் அடி ஒரு குசினியில் விழுந்தது. எங்கள் தண்ணீர் தெரியும்தானே, சுண்ணாம்புக்கல் நிலத்தடித் தண்ணீர். பைப்பிலும் ஷவரிலும் ரைல்ஸிலும் வெள்ளையாகப் படிந்து கிடக்கும், சும்மா தேய்த்தால் போகாது. அதற்கு ஆசிட் போட்டுப் பழகிய அக்கா ஒருவர், மானிப்பாயில் ஒரு வீட்டில் சிங்க் கரையில் இருந்த மாபிளிலும் போட்டுவிட்டார். மாபிளும் சுண்ணாம்புதான், ஆசிட் பட்ட இடமெல்லாம் பளபளப்புப் போய்ப் பூத்துவிட்டது. கொழும்பில் இருந்து ஆள் வந்து மினுக்கிக் கொடுத்ததற்கு 60,000 ரூபாய். சுயதொழில் செய்கிறவர் என்றால் அந்தச் சேதம் அவருடையது. ஒரு நாளைக்கு 1,800 ரூபாய் எடுக்கிற, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிற பெண்ணிடம் போய் 60,000 தா என்று கேட்க யாருக்கு மனம் வரும்? நான் கட்டினேன். (இதைச் செய்கிறவர்களுக்கு ஒரு சொல்: ஆசிட் போத்தலை வீட்டுக்குள்ளேயே கொண்டு போக விடாதீர்கள். மாபிள், பழைய சீமெந்துத் தரை, ரெராசோ எதுவும் தாங்காது. ரைல்ஸிலும் பைப்பிலும் உள்ள படிவுக்கு வினாகிரியை நனைத்த துணி அரை மணித்தியாலம் சுற்றி வைத்தால் போதும், மாபிளுக்கு அதுவும் கூடாது. வேலை தொடங்க முன்னும் முடிந்த பின்னும் ஒவ்வொரு அறையையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.)

அடுத்தது இதைவிட மோசம். அரியாலையில் ஒரு வீட்டில் மின்விசிறி துடைக்க பிளாஸ்டிக் கதிரையில் ஏறிய அக்கா, ஈரத் தரையில் கதிரைக் கால் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வீட்டுக்காரருக்கு அறிவித்தபோது அவர் பதறித்தான் போனார், ஆனால் "உங்கட ஆள்தானே தங்கச்சி, நீங்கள்தான் பார்க்கவேணும்" என்றார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவருடைய புருஷன் வாசலில் வந்து நின்று, கையில் மாவுக்கட்டுப் போட்ட மனிசி சமைக்கவும் ஏலாமல் இருக்கிறா, வேலையும் இல்லை, என்ன செய்யிறது அக்கா என்று கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் அப்படி மெதுவாகக் கேட்டதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. அரைச் சம்பளம், மருந்து, ஓட்டோக் காசு என்று 45,000 வரை கொடுத்தேன். 1934-ஆம் ஆண்டிலேயே வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் வந்துவிட்டது, வேலை செய்யும்போது காயப்பட்டால் வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்கென்றே காப்புறுதி இருக்கிறது. ஆள் எண்ணிக்கையையும் சம்பளத் தொகையையும் சொன்னால் காப்புறுதி நிறுவனங்கள் கணக்குப் பார்த்துச் சொல்வார்கள். ஏழு பேரை அனுப்பிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் காப்புறுதி பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் வாடிக்கையாளர்கள் கழன்று போகத் தொடங்கினார்கள். கோப்பாயில் கிழமைக்கு ஒருமுறை போகிற வீடு ஒன்று, திடீரென்று இனி வேண்டாம் என்றார்கள். அங்கே போய்க்கொண்டிருந்த பிள்ளையும் வெள்ளிக்கிழமைகளில் வரமாட்டேன் என்றாள். இரண்டும் ஏன் ஒரே கிழமையில் நடந்தது என்று விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. எனக்கு 3,750 கொடுத்த வீட்டுக்காரர் அவளுக்கு நேரே 2,500 கொடுக்கிறார். இருவருக்கும் லாபம், நான் வெளியே. கடும் கோபம் வந்தது, கதைத்தும் விட்டேன். இப்போது யோசித்தால், ஏஜென்சி என்றால் அது அப்படித்தான் முடியும். ஆளைக் காட்டிவிட்ட பிறகு அவர்கள் இருவருக்கும் நடுவில் எனக்கு என்ன வேலை? அதனால்தான் உண்மையான ஏஜென்சிக்காரர் ஆளைக் கொடுக்கும்போதே கட்டணத்தை வாங்கிவிடுவார்கள். நானோ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, அந்த உறவு என்றைக்கும் என் கையில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அவள் என் வேலையாளாக இருந்திருக்க வேண்டும்.

பிறகு தொழில் அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. சொல்லாமல் அடிக்கடி நின்றதால் நான் கூப்பிடுவதை நிறுத்திய பிள்ளை ஒருத்தி முறைப்பாடு கொடுத்திருந்தாள், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை என்று. அவளில் அப்போது எனக்கு இருந்த கோபத்துக்கு அளவில்லை. இப்போது இல்லை. கேட்டது அவளுடைய உரிமை, மற்ற ஆறு பேரும் பயத்தில் கேட்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

நான் நம்பிக்கையோடுதான் போனேன். இவர்கள் சுயமாகத் தொழில் செய்கிறவர்கள், நான் கமிஷன் மட்டும் எடுக்கிறேன் என்று காட்ட என் சீ.ஆர். கொப்பியையும் (கணக்கு எழுதுகிற தடித்த கொப்பி) கொண்டு போனேன். அலுவலர் மரியாதையாகத்தான் கதைத்தார், இருத்தித் தண்ணீர் தந்தார், கொப்பியைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். இடது பக்கம் திகதி, வீட்டுப் பெயர், யார் யார் போனார்கள். வலது பக்கம் வந்த நேரம், போன நேரம். அரை நாள் என்றால் சிவப்புப் பேனையால் ஒரு கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில் "பிந்தி வந்தது, 200 கழிவு". அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டுதான் கேள்விகளைத் தொடங்கினார். எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று யார் சொல்வது? எந்த வீடு என்று யார் முடிவு எடுப்பது? மொப்பும் மருந்தும் யார் வாங்குவது? அவர்கள் போடுகிற ரீசேட்டில் யாருடைய பெயர்? ஒரு ஆளுக்கு வர ஏலாவிட்டால் தன் தங்கச்சியை அனுப்ப முடியுமா, அல்லது உங்களைக் கேட்கவேண்டுமா? வீட்டுக்காரர் காசு தராவிட்டாலும் அவர்களுக்கு நீங்கள் கொடுப்பீர்களா? எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான்: நான். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கே விளங்கிவிட்டது.

இதை ஆறுதலாக வாசியுங்கள். நீங்கள் ஒரு கடதாசியில் "சுயதொழில்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் பலன் இல்லை. நேரம், இடம், சம்பளம், சாமான், தண்டனை எல்லாம் உங்கள் கையில் இருந்தால் நீங்கள் முதலாளி. நாட்கூலி என்றாலும், தற்காலிகம் என்றாலும், ஒரு ஆள் மட்டும்தான் என்றாலும் முதல் நாளில் இருந்து ஈ.பி.எஃப். உண்டு. இன்னொரு குழப்பமும் இருக்கிறது. வீட்டு வேலைக்கு ஈ.பி.எஃப். இல்லை என்று ஊரில் சொல்வார்கள். உண்மை, ஒரு வீட்டுக்காரர் தன் வீட்டுக்கென்று நேரே வைத்திருக்கிற வேலையாள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆனால் என்னிடம் இருந்தவர்கள் எந்த வீட்டுக்கும் உரிய ஆட்கள் இல்லை, என் வியாபாரத்தின் ஆட்கள். வீட்டுக்குள் நின்று வேலை செய்வதால் அது மாறாது.

கணக்கு வந்தபோது கை நடுங்கியது. ஈ.பி.எஃப். என்றால் தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12 வீதம். ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) முதலாளி மட்டும் 3 வீதம். நேரத்துக்குக் கழிக்காமல் விட்டால் தொழிலாளியின் அந்த 8 வீதத்தைப் பிறகு அவரிடம் கேட்க முடியாது, அதுவும் முதலாளியின் தலையில்தான். ஆக முழு 20 வீதமும் என்னுடையது. ஏழு பேருக்கும் சேர்த்து அதுவரை நான் கொடுத்திருந்த கூலி ஏறக்குறைய 28 லட்சம். அதில் ஈ.பி.எஃப். 5,60,000, ஈ.ரி.எஃப். 84,000. அதற்கு மேல் பிந்திய மாதங்களுக்கு மேலதிகக் கட்டணம். முதல் பத்து நாள் பிந்தினால் 5 வீதம், ஒரு மாதம் வரை 15, மூன்று மாதம் வரை 20, ஆறு மாதம் வரை 30, ஒரு வருடம் வரை 40, அதற்கும் மேல் போனால் 50 வீதம். என்னுடைய மாதங்களில் பாதிக்கு மேல் 40, 50 வீதத்தில் நின்றன. அது மட்டும் இரண்டு லட்சம் அளவில். எல்லாம் சேர எட்டரை லட்சத்தைத் தொட்டது. அந்தக் காலம் முழுக்க என் "கமிஷன்" என்று நான் நினைத்துச் செலவழித்த காசில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உண்மையில் அவர்களுடைய சேமலாபக் காசு. கெஞ்சிக் கேட்டதில் தவணையாகக் கட்ட விட்டார்கள். சீட்டை முன்கூட்டியே கழித்து எடுத்தேன், தாலிக்கொடியைத் தவிர மற்ற நகைகள் அடகுக்குப் போயின. அம்மாவுக்கு இன்றைக்கும் முழுக் கணக்குத் தெரியாது.

சரி, இனி என்ன செய்வது என்று இருந்து யோசித்தேன். இரண்டு வழிதான், நடுவில் மூன்றாவது இல்லை.

ஏஜென்சி என்றால் முழுதாக ஏஜென்சி. ஆளைத் தேடி, கிராம சேவகர் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாம் பார்த்து, வீட்டுக்காரருக்கு அறிமுகப்படுத்தி, ஒரு தடவைக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு விலகிவிட வேண்டும். சம்பளம் அவர்கள் இருவரும் பேசுவது, வீட்டுக்காரர் நேரே கையில் கொடுப்பது. நேரம், லீவு, சாமான் எதிலும் நீங்கள் தலையிடக் கூடாது. ரீசேட் கூடாது. கட்டணம் வாங்கி வேலைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கிற முகவர்களுக்கென்று 1956-ஆம் ஆண்டு 37-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் அனுமதி எடுக்காமல் செய்யக் கூடாது. வயது போனவர்களைப் பார்க்க வீட்டோடு தங்கும் ஆள், நாளாந்தம் வந்து சமைத்துத் துடைத்துவிட்டுப் போகிற ஆள், இப்படியான வேலைக்கு இது பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒரே வீடு, ஒரே ஆள், வீட்டுக்காரரும் பக்கத்தில் இருக்கிறார். ஆனால் எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு, அந்தப் பெண்ணுக்கு ஈ.பி.எஃப். இல்லை, விழுந்தால் கேட்க ஆள் இல்லை. அதோடு, பூட்டிய வீட்டின் திறப்பை என்னிடம் தருகிற வெளிநாட்டுக்காரருக்கு இந்த முறை சரிவராது. அவர் காசு கொடுப்பதே திறப்புக்குப் பொறுப்புச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்பதற்காகத்தான்.

ஆகவே நான் ஆட்களை வைத்திருக்கத் தீர்மானித்தேன். ஏழு பேரை வைத்திருக்க முடியாது, நான்கு பேர். இதைச் சொல்லும்போதுதான் இன்னொரு சிக்கல் வந்தது, அது அக்காமாரிடம் இருந்து. "எட்டு வீதம் கழிச்சா நான் கிழமைக்காசு எப்பிடியக்கா கட்டுறது?" என்று கேட்டார்கள். அவர்களில் அநேகம் பேருக்கு நுண்கடன் இருக்கிறது, கிழமைக்குக் கிழமை ஆள் வந்து வாசலில் நிற்கும். நாட்கூலி என்றால் அன்றைக்கே கையில் காசு, மாதச் சம்பளம் என்றால் 30 நாள் காத்திருக்க வேண்டும். சட்டத்தைச் சொல்லி இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் செய்தது, சம்பளத்தை மாதக் கணக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சனியும் ஒரு பகுதியை முற்பணமாகக் கொடுப்பது, கையெழுத்தோடு. அதோடு ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன்: உங்களிடம் கழிவது 3,360, நான் சேர்த்துப் போடுவது 6,300, பெண்களுக்கு 50 வயதில் வட்டியோடு எடுக்கலாம். மணிக்கட்டு முறிந்த அக்காதான் முதலில் சரி என்றார். ஒரு பிள்ளை வேண்டாம் என்று போய்விட்டாள், அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தேன்.

மாதம் 42,000 சம்பளம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000, 2026 ஜனவரியில் இருந்து 30,000, அதைவிடக் கூடத்தான். ஆனால் விலை போடும்போது 42,000-ஐ 24 நாளால் பிரித்து 1,750 என்று எழுதிவிடாதீர்கள், எல்லாரும் செய்வது அதுதான். முதலாளி கட்டுகிற 12-உம் 3-உம் ஆக 15 வீதம் சேர்த்தால் 48,300. செத்தவீடு, அந்தியேட்டி, பிள்ளைக்குக் காய்ச்சல், கோயில் கொடியேற்றம் என்று ஆள் நிற்கிற நாட்கள் உண்டு. வேலை வராத நாட்கள் உண்டு. என் அனுபவத்தில் ஒரு ஆளுக்கு மாதத்தில் காசு வருகிற நாள் 20-தான். அப்படிப் பார்த்தால் ஒரு ஆளின் ஒரு நாள் 2,415 ரூபாய். இரண்டு பேர் 4,830, ஓட்டோ 800, சாமான் 600. 6,230 எனக்கு அடக்கம், காப்புறுதியும் உடைவு சேதமும் அதற்கு மேல். பழைய 7,500-க்குச் செய்தால் போன் பில்லுக்கும் தவணைக்கும் ஒன்றும் மிஞ்சாது. இப்போது 9,500 வாங்குகிறேன்.

விலையைக் கூட்டும்போது பயந்துகொண்டுதான் செய்தி அனுப்பினேன். ஏன் கூடுகிறது என்று ஒளிக்காமல் எழுதினேன்: இவர்கள் என் நிரந்தர ஊழியர்கள், சேமலாப நிதி கட்டப்படுகிறது, காப்புறுதி இருக்கிறது, உங்கள் வீட்டில் விழுந்தாலோ ஏதும் உடைந்தாலோ பொறுப்பு என்னுடையது. உள்ளூர் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் போய்விட்டார்கள், அவர்களில் கோபிக்க ஒன்றும் இல்லை, 7,500-உம் அவர்களுக்குப் பாரம்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இருவரைத் தவிர எல்லாரும் நின்றார்கள். "அங்க வேலை செய்யிற ஆக்களுக்கும் பென்ஷன் மாதிரி ஒண்டு இருக்கெண்டால் நல்லதுதானே பிள்ளை" என்று நோர்வேயில் இருந்து ஒரு அன்ரி குரல்பதிவு அனுப்பினார். நான் அதை அக்காமாருக்குப் போட்டுக் காட்டினேன்.

ஆள் வைத்திருப்பதில் உள்ள பெரிய ஆபத்து, வேலை இல்லாத மாதம். ஆடி ஆவணியில் திருவிழாவோடு தலைக்கு மேல் வேலை, மார்கழி விடுமுறைக்கும் ஆட்கள் வருவார்கள். நடுவில் ஐப்பசி கார்த்திகை மழை, எங்கள் மழையில் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டும், முற்றம் எல்லாம் வெள்ளம், ஒருவரும் வீட்டைத் திறக்க மாட்டார்கள். ஆனால் சம்பளம் திகதிக்குப் போகவேண்டும். ஆவணியில் வருகிற காசைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுச் செலவழித்தால் கார்த்திகையில் வட்டிக்குத்தான் போகவேண்டி வரும். இரண்டு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தைத் தொடுங்கள். மழை மாதங்களுக்கென்று பூட்டிய வீடுகளுக்கு மாதாந்தப் பராமரிப்பு ஒன்று வைத்தேன், மாதத்தில் இரண்டு தரம் போய்த் திறந்து காற்றுப்பட விட்டு, கூரை ஒழுக்குப் பார்த்து, குழாயைத் திறந்து விட்டு, படம் எடுத்து அனுப்புவது. பெரிய காசு இல்லை, ஆனால் அந்த மாதங்களில் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது.

பெரிதாக வளர்க்க நினைக்கிறவர்களுக்கு, 15 பேர் என்பது ஒரு எல்லை. 15 பேரும் அதற்கு மேலும் இருந்தால், ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை கட்டாயம், ஆளை நிறுத்துவதற்கும் தனிச் சட்டம் வந்துவிடும். அதைத் தெரிந்துகொண்டு தாண்டுங்கள்.

நாளைக்கே தொடங்கப் போகிறீர்கள் என்றால், முதல் ஆளை வேலைக்கு எடுக்கிற கிழமையிலேயே பி.ஆர். பிரதியையும் ஆட்களின் அடையாள அட்டைப் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு தொழில் அலுவலகத்துக்குப் போய் முதலாளியாகப் பதிந்துவிடுங்கள். நாங்களாகப் போனால் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்துகிறார்கள். ஒவ்வொரு மாதத்துக் காசையும் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு முன் கட்டவேண்டும், நான் 20-ஆம் திகதிக்கே கட்டிவிடுகிறேன். பதியும்போது பெயரை அடையாள அட்டையில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள், எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர் முன்னுக்கு ஒரு இடத்தில், புருஷன் பெயர் பின்னுக்கு இன்னொரு இடத்தில் என்று இருக்கும். என்னிடம் இருக்கிற நான்கு பேரில் இருவருக்கு அப்படி மாறிப் பதிவாகி, சத்தியக் கடதாசி முடித்துத் திருத்த வேண்டி வந்தது. அதைத் திருத்தாமல் விட்டால் 50 வயதில் காசு எடுக்கப் போகிறபோது அலைவது அவர்கள்தான்.